மாப்பிள்ளைக்கு என்ன வேலை?

ஜுமுஆ உரை

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் ஏக வல்லோன் அல்லாஹ் ஒருவனுக்கே உரித்தாகுக! அவனுடைய அருளும் சாந்தியும் அண்ணல் நபி முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் தூய குடும்பத்தார், தோழர்கள், அவர்களை அடியொற்றி வாழ்ந்த நல்லோர் அனைவர் மீதும் உண்டாவதாக! ஆமீன்.

 

நம் மஹல்லாக்களில் நடைபெறும் நிகாஹ் மஜ்லிஸ்களில் இமாம் அவர்கள் நிகாஹ் குத்பா ஓதுவதைக் கேட்டிருக்கிறீர்கள். அதில் வழமையாக ஓதப்படும் இறைவசனங்களுள் ஒன்று அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் எழுபதாம் வசனம். ஈமான் கொண்டோர் அல்லாஹ்வை அஞ்சவேண்டும், நேர்மையான சொல்லையே சொல்லவேண்டும் என்று அது பணிக்கிறது. அவ்வாறு பேசுவோரின் செயல்களை அல்லாஹ் சீர்ப்படுத்துவான், பாவங்களை மன்னிப்பான் என்று அடுத்த வசனம் நற்செய்தி கூறுகிறது. பேசுவதற்கு எத்தனையோ இருக்க, நிகாஹ் மஜ்லிஸில் சொல்லைப் பற்றிய வசனம் ஏன்? நிகாஹ் என்பதே சொல்லால் கட்டப்படும் கட்டு என்பதால்தான். ஈஜாப், கபூல் என்னும் இரு சொற்களால் ஒரு பெண்ணின் வாழ்வு முழுவதும் இடம் மாறுகிறது. இதனைத் திருக்குர்ஆன் உறுதிமிக்க உடன்படிக்கை என்று பெயரிட்டு அழைக்கிறது (4:21).

ஆனால் அந்த இரு சொற்களுக்கு முன்பாகப் பேசப்பட்ட சொற்கள் எப்படிப்பட்டவை? பெண் வீட்டார் கேட்கும் முதற்கேள்வி, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்பது. அந்தக் கேள்விக்கு வந்த பதில் பொய்யாக இருந்தால், அதன்மேல் எழுப்பப்பட்ட குடும்பம் எதன்மேல் நிற்கிறது? இன்று நாம் சிந்திக்கவேண்டிய செய்தி இதுவே.

நம் ஊரில் நடப்பது

முல்லா வீதியிலிருந்து சுல்தான்பேட்டை வரை, நம் புதுச்சேரி நகரில் பெண் பேசும் வீடுகளில் சொல்லப்படும் சொற்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். அரசுத் துறையில் வவுச்சர் ஊழியராக நாட்கூலி வாங்கும் இளைஞரை, கவர்மெண்ட் உத்தியோகம் என்று சொல்லிவிடுகிறார்கள். வளைகுடாவில் வாகனம் ஓட்டுபவர் மேனேஜராகிவிடுகிறார். கடையில் எடுபிடியாக நிற்பவர் அக்கடையின் பங்குதாரர் ஆகிறார். வேலையே இல்லாதவருக்கும் ஒரு பெயர் உண்டு; சொந்தத் தொழில்!

நம் ஊருக்கே உரிய இன்னொன்றும் இருக்கிறது. 1962 ஆகஸ்ட் 16 அன்று இப்பகுதி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவு செய்துகொண்ட குடும்பங்கள் உண்டு. அவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிரான்சில் வாழ்கிறார்கள். ஹலாலான உழைப்பால் உயர்ந்து, இங்குள்ள உறவினரையும் தாங்கி நிற்கும் நன்மக்கள் அவர்களுள் பலர். அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்வானாக! ஆயினும், பாரீஸ் மாப்பிள்ளை என்ற சொல்லைக் கேட்டவுடன் மறுகேள்வி கேட்க மறந்துவிடும் பெற்றோர் இருக்கும்வரை, அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்பவர்களும் இருக்கத்தான் செய்வார்கள். ஓட்டலில் பாத்திரம் கழுவுவது இழிவன்று. பாத்திரம் கழுவிக்கொண்டு, ஓட்டல் நடத்துகிறேன் என்று சொல்வதே இழிவு.

ஆண்கள் தரப்பில் மட்டுமே இது நிகழ்வதாக எண்ணவேண்டாம். படித்து முடிக்காத பெண்ணைப் பட்டதாரி என்பதும், வேலையை விட்டுவிட்ட பெண்ணை மாதச் சம்பளம் வாங்குபவள் என்பதும் அதே பாவமே. அலைபேசியில் பேசிப் பழகி, பெற்றோர் அறியாமல் மனத்தைக் கொடுத்துவிட்டு, பின்னர் அவர் சொன்ன வேலையும் இல்லை, சொன்ன அலுவலகமும் இல்லை என்று அறிந்து கலங்கும் பிள்ளைகளும் நம் வீடுகளில் உண்டு. மார்க்கம் விதித்த வரம்பும் வலீயின் மேற்பார்வையும் ஒரு பெண்ணைச் சிறைப்படுத்த வந்தவை அல்ல. இப்படிப்பட்ட ஏமாற்றங்களிலிருந்து அவளைக் காக்க வந்த அரண் என்பதை இளம் பெண்கள் உணரவேண்டும்.

பொய்யின் இரண்டு ஆடைகள்

ஒரு பெண்மணி அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தம் கணவர் தமக்குக் கொடுக்காத ஒன்றைக் கொடுத்ததாகத் தம் சக்களத்தியிடம் காட்டிக்கொள்வது குற்றமாகுமா என்று கேட்டார். தனக்குக் கொடுக்கப்படாததைக் கொண்டு நிறைவு பெற்றவர்போல் காட்டிக்கொள்பவர், பொய்யின் இரு ஆடைகளை அணிந்தவரைப் போன்றவர் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். அறிவிப்பவர்: அஸ்மா (ரலி). புகாரீ, முஸ்லிம் ஆகிய நூல்களில் இது பதிவாகியுள்ளது.

கேள்வி சிறியது, ஒரு வீட்டுக்குள் நடக்கும் பெருமைப் பேச்சு. அதற்கே இந்த எச்சரிக்கை என்றால், இல்லாத பதவியைச் சொல்லி ஒரு பெண்ணையே கரம் பிடிப்பவரின் நிலை என்ன? கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஆடை என்று அல்லாஹ் உவமை கூறுகிறான் (2:187). மானத்தை மறைத்து, குளிரிலும் வெயிலிலும் காக்கும் ஆடையாக வரவேண்டியவர், பொய்யின் ஆடையைப் போர்த்திக்கொண்டு வந்தால், அந்த வீட்டில் யாருக்கு யார் ஆடை?

ஒருமுறை நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சமாதானம் சொன்னார். மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள் (முஸ்லிம்). நனைந்த தானியத்தை விற்கவே கூடாது என்று அவர்கள் தடுக்கவில்லை. மறைத்து விற்பதையே கண்டித்தார்கள். ஒரு படி தானியத்துக்கு இந்தச் சட்டம். ஒரு பெண்ணின் வாழ்வுக்கு இல்லையா?

நிறைவேற்றப்படுவதற்கு மிகவும் தகுதியான நிபந்தனைகள், மணவாழ்வை ஹலாலாக்கிக் கொள்வதற்காக ஏற்கப்பட்ட நிபந்தனைகளே என்பதும் நபிமொழி. அறிவிப்பவர்: உக்பா பின் ஆமிர் (ரலி). நூல்: புகாரீ.

இங்கே சிலர் ஒரு சாக்கைத் தேடுவதுண்டு. கணவன் மனைவியிடையே பொய் சொல்ல அனுமதி இருக்கிறதே என்பார்கள். உம்மு குல்ஸூம் (ரலி) அவர்கள் வாயிலாக வரும் அறிவிப்பில் அப்படி ஒரு சலுகை இருப்பது உண்மை. ஆனால் அதன் எல்லை என்ன? முஸ்லிம் நூலுக்கு விரிவுரை எழுதிய இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், அது அன்பை வெளிப்படுத்தும் பேச்சைக் குறிப்பது என்றும், கொடுக்கவேண்டிய உரிமையைத் தடுக்கவோ உரிமையில்லாததை எடுத்துக்கொள்ளவோ செய்யப்படும் ஏமாற்று, முஸ்லிம்களின் ஒருமித்த கருத்துப்படி ஹராம் என்றும் விளக்கியுள்ளார்கள். மனைவி சமைத்ததை ருசியாக இருக்கிறது என்று சொல்வதற்குக் கிடைத்த சலுகையைக் கொண்டு, மாமனாரின் பணத்தை விழுங்க முடியாது.

மத்யனில் நடந்த பெண் பேச்சு

திருக்குர்ஆனில் ஒரு பெண் பேச்சு விரிவாக இடம்பெறுகிறது. அல்கஸஸ் அத்தியாயத்தின் 22 முதல் 28 வரையிலான வசனங்களை வீட்டில் அமர்ந்து குடும்பத்தோடு ஓதிப் பாருங்கள்.

நபி மூஸா (அலை) அவர்கள் எகிப்திலிருந்து உயிர் தப்பி வருகிறார்கள். அவர்கள் கையால் ஒருவர் இறந்துவிட்டார். அரசவை அவர்களைத் தேடுகிறது. மத்யன் நகரின் கிணற்றடியில், ஆடுகளோடு ஒதுங்கி நின்ற இரு பெண்களுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுக்கிறார்கள். அப்பெண்களின் முதிய தந்தை அழைத்தனுப்புகிறார். வீடு இல்லை, வேலை இல்லை, ஊர் இல்லை. பின்னால் கொலைப் பழியும் இருக்கிறது. மறைப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா? எகிப்தின் அரண்மனையில் வளர்ந்தேன் என்று மட்டும் சொல்லியிருந்தாலும் அது பொய்யில்லை. ஆனால் மூஸா (அலை) அவர்கள் தம் வரலாற்றை அப்பெரியவரிடம் எடுத்துரைத்தார்கள் என்று அல்லாஹ் கூறுகிறான். முழுவதையும் கேட்டபின் பெரியவர் என்ன செய்தார்? அஞ்சவேண்டாம் என்று ஆறுதல் சொன்னார்.

அடுத்து மகள் பேசுகிறாள். இவரை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம், இவர் வலிமையும் நம்பகமும் உள்ளவர் என்கிறாள். பிறகு தந்தை தம் விருப்பத்தைத் திறந்து சொல்கிறார்: மகளை மணமுடித்துத் தருவதற்கு ஈடாக எட்டு ஆண்டுகள் உழைக்கவேண்டும், பத்தாக நிறைவு செய்தால் அது மருமகனின் விருப்பம். மூஸா (அலை) அவர்கள் அதை ஏற்று, பேசியதற்கு அல்லாஹ்வையே பொறுப்பாளனாக்குகிறார்கள். இரண்டில் நீண்ட தவணையையே அவர்கள் நிறைவேற்றினார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறியது புகாரீயில் உள்ளது.

சகோதரர்களே! இந்தப் பேச்சில் என்ன வேலை என்பது தெளிவு. எத்தனை ஆண்டு என்பது தெளிவு. மாப்பிள்ளையின் கடந்த காலமும் தெளிவு. கூலிக்கு உழைக்கும் மருமகன் என்பதால் அந்தக் குடும்பத்தின் மதிப்புக் குறையவில்லை. அந்த மருமகனைத்தான் பின்னர் அல்லாஹ் தூர் மலையருகே அழைத்துப் பேசினான்.

பொய்க்கு விலை வைத்தது யார்?

பொய் சொன்னவரை மட்டும் கண்டித்துவிட்டு நாம் எழுந்து போய்விட முடியாது. அந்தப் பொய்யை விலை கொடுத்து வாங்கியவர்கள் நாமல்லவா? உண்மையைச் சொல்லி வந்த தையற்காரரை, மீன் வியாபாரியை, ஆட்டோ ஓட்டுநரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, பெரிய பதவி என்று சொன்னவருக்கு நகையும் ரொக்கமும் கொடுத்து உட்காரவைத்தவர்கள் யார்? 1898இல் தொடங்கப்பட்ட ஆங்கிலோ பிரெஞ்சு துணி ஆலை 2020இல் மூடப்பட்டது. அதைப் போன்ற ஆலைகளை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் நம் நகரில் எத்தனை! வேலை போனது அவர்களின் குற்றமா? அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை, இருக்கிற சிறு வேலையைச் சொல்ல வெட்கப்படும்படி நடந்துகொண்டது இந்தச் சமுதாயம்.

நம் முன்னோர் இப்படி இருக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் மக்காவாசிகளின் ஆடுகளைச் சில கீராத்துகளுக்கு மேய்த்ததைத் தாமே எடுத்துச் சொன்னார்கள் (புகாரீ). நபி தாவூது (அலை) அவர்கள் தம் கையுழைப்பில் உண்டதையும், நபி ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்ததையும் ஹதீஸ்கள் பெருமையோடு கூறுகின்றன. மார்க்கச் சட்ட மேதைகளின் பெயர்களைப் பாருங்கள். ஹனஃபீ மத்ஹபின் பேரறிஞர் இமாம் கஸ்ஸாஃப். அச்சொல்லுக்குச் செருப்புத் தைப்பவர் என்று பொருள். ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் கஃப்பால், பூட்டுச் செய்பவர். இமாம் ஜஸ்ஸாஸ், சுண்ணாம்புச் சாந்து வேலை செய்பவர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரின் துணி வியாபாரி. செய்த தொழிலையே பெயராகச் சுமந்துகொண்டு, அவர்கள் மார்க்கத்தின் தலைவர்களாக விளங்கினார்கள்.

உண்மையைச் சொன்ன ஏழைக்குத் திருமணம் நடக்காதா? ஒரு நபித்தோழர் மணம் முடிக்க விரும்பியபோது, மஹராகக் கொடுக்க என்ன இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். தேடிப் பார்த்துவிட்டு, ஓர் இரும்பு மோதிரம்கூட இல்லை, உடுத்தியிருக்கும் வேட்டி மட்டுமே உள்ளது என்றார் அவர். அவருக்கு மனனமாக இருந்த குர்ஆன் அத்தியாயங்களைக் கொண்டே நிகாஹ் முடித்துவைக்கப்பட்டது. அறிவிப்பவர்: ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி). நூல்: புகாரீ, முஸ்லிம். பிலால் (ரலி) அவர்கள் தமக்கும் தம் சகோதரருக்கும் பெண் கேட்டுச் சென்றபோது, தாங்கள் அபிசீனிய அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, தந்தால் அல்லாஹ்வுக்குப் புகழ், மறுத்தால் அல்லாஹ் மிகப் பெரியவன் என்றார்கள் என இப்னு ஸஅத் பதிவு செய்கிறார். மணமுடிப்போர் ஏழைகளாக இருந்தால் அல்லாஹ் தன் அருளால் அவர்களைச் செல்வராக்குவான் என்பது இறைவாக்களிப்பு (24:32). இவ்வாக்கை நம்புகிறவருக்குப் பொய் எதற்கு?

ஒரு பொய் போன தூரம்

பிரான்சு நாட்டையே உலுக்கிய ஒரு நிகழ்வை நம் ஊரில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். ழான் குளோத் ரொமான் என்ற மாணவர் லியோன் நகரில் மருத்துவம் பயின்றார். 1975இல் இரண்டாம் ஆண்டின் ஒரு தேர்வை அவர் எழுதவில்லை. தேறிவிட்டேன் என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டார். அந்த ஒரு பொய்யைக் காக்க அடுத்த பொய். அதைக் காக்க இன்னொன்று. மருத்துவரானதாகச் சொன்னார், மணமுடித்தார், இரு குழந்தைகளுக்குத் தந்தையானார். ஜெனீவாவில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தில் ஆராய்ச்சியாளர் என்று ஊரே நம்பியது. நாள்தோறும் காலையில் புறப்பட்டவர் போன இடம் எது? வாகன நிறுத்துமிடங்களும் காட்டு வழிகளும்தான். சுவிஸ் வங்கியில் முதலீடு செய்வதாகச் சொல்லி உறவினரின் சேமிப்பை வாங்கி, அதிலேயே குடும்பம் நடத்தினார்.

இப்படி ஏறத்தாழ 18 ஆண்டுகள் கழிந்தன. பணம் தீர்ந்து, உண்மை வெளிப்படும் நிலை வந்தபோது, 1993 ஜனவரியில் மனைவியையும், இரு பிள்ளைகளையும், தம்மைப் பெற்ற தாய் தந்தையையும் கொன்றார். 1996இல் ஆயுள் தண்டனை பெற்று, 2019இல் நிபந்தனையோடு சிறையிலிருந்து வெளிவந்தார்.

எல்லாப் பொய்யும் கொலையில் முடியும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பொய் பாவத்துக்கு வழிகாட்டுகிறது, பாவம் நரகத்துக்கு வழிகாட்டுகிறது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததாக இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் நபிமொழியின் உண்மையை இங்கே கண்ணால் காண்கிறோம். தேர்வு எழுதவில்லை, அத்தா என்று சொல்லியிருந்தால் ஒரு மாலைப்பொழுதின் வருத்தத்தோடு அது முடிந்திருக்கும்.

நம் நாட்டிலும் குறைவில்லை. மருத்துவர் என்றும் சுகாதாரத் துறையின் உயரதிகாரி என்றும் சொல்லிக்கொண்டு பல மாநிலங்களில் பத்துக்கும் மேற்பட்ட பெண்களை மணந்ததாக ஒருவரை ஒடிசா காவல்துறை 2022 பிப்ரவரியில் புவனேசுவரத்தில் கைது செய்தது. அப்பெண்களில் பலர் படித்து நல்ல பணியில் இருந்தவர்கள். ஆகவே, படித்த பெண் ஏமாறமாட்டாள் என்று எந்தத் தந்தையும் அலட்சியமாக இருந்துவிட வேண்டாம்.

விசாரிப்பது குற்றமன்று

மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தால் மரியாதைக் குறைவாக நினைப்பார்களே என்று தயங்குகிறோம். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களை முஆவியா (ரலி), அபூஜஹ்ம் (ரலி) ஆகிய இருவர் பெண் கேட்டனர். அவர் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார். அபூஜஹ்ம் கைத்தடியைத் தோளிலிருந்து இறக்காதவர் என்றும், முஆவியா பொருளில்லாத ஏழை என்றும் எடுத்துக்காட்டிய நபியவர்கள், உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்களை மணக்குமாறு சொன்னார்கள். முதலில் மனம் ஒப்பாத அப்பெண்மணி, பின்னர் அந்த மணவாழ்வில் நன்மையைக் கண்டதாகத் தாமே கூறினார் (முஸ்லிம்). திருமண ஆலோசனையில் உள்ளதை உள்ளபடி சொல்வது புறம் பேசுவதில் அடங்காது என்று இமாம்கள் இதிலிருந்து சட்டம் எடுத்தார்கள். எனவே, நம்மிடம் விசாரிக்க வருபவரிடம், நமக்கேன் வம்பு என்று நல்லவர், வல்லவர் என்று சொல்லி அனுப்புவது நற்குணம் அன்று. அது அமானித மோசடி.

ஒருவருக்காகச் சாட்சி சொல்ல வந்த மனிதரிடம் உமர் (ரலி) அவர்கள் மூன்று கேள்விகள் கேட்டதாகப் பைஹகீயில் வருகிறது. நீர் அவருடைய போக்குவரத்தை அறிந்த அண்டை வீட்டாரா? அவருடன் பணம் கொடுத்து வாங்கிப் பழகியவரா? அவருடன் பயணம் செய்தவரா? மூன்றுக்கும் இல்லை என்று பதில் வந்தபோது, அப்படியானால் நீர் அவரை அறியமாட்டீர் என்று திருப்பி அனுப்பினார்கள். பெண்ணைப் பெற்றவர்களே! தரகர் சொன்னதையும், அலைபேசியில் வந்த புகைப்படத்தையும் இந்த மூன்று கேள்விகளால் உரசிப் பாருங்கள்.

இன்று சரிபார்ப்பது கடினமும் அன்று. மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இருக்கும். வழக்கறிஞர் என்றால் பார் கவுன்சிலில் பதிவு எண் உண்டு. சவூதியில் பணிபுரிபவரின் இகாமாவோடு அவருடைய தொழிலும் பதிவாகியிருக்கும். பிரெஞ்சுக் குடிமகன் இங்கு வந்து மணமுடிக்கும்போது, திருமண அறிவிப்பை முன்கூட்டியே வெளியிட்டு, தடை ஏதும் இல்லை என்று தூதரகம் சான்றிதழ் தருவதை நம் ஊரார் அறிவார்கள். ஆனால் அந்தச் சான்று அவர் மணமுடிக்கத் தடையற்றவர் என்பதைத்தான் சொல்லும், சம்பளத்தைச் சொல்லாது. அதற்கு வேலை ஒப்பந்தத்தையும் ஊதியச் சீட்டையும் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

மாப்பிள்ளையின் மஹல்லாவிலிருந்து வாங்கும் ஜமாஅத் கடிதத்தை வெறும் சடங்காக்கிவிடாதீர்கள். முத்தவல்லிகளே! அக்கடிதத்தில் உங்கள் கையொப்பம் ஒரு சாட்சியம். அதில் தொழில் எழுதப்பட்டால், விசாரித்தபின் எழுதுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுங்கள். அதே வேளையில், சந்தேகத்தையே தொழிலாக்கி அடுத்தவரின் குறைகளைத் துருவித் திரிவதையும் திருக்குர்ஆன் தடுக்கிறது (49:12). தேவையான அளவு விசாரணை, தேவையான இடத்தில் மட்டும்.

தெரிய வந்தபின் என்ன செய்வது?

நிச்சயம் செய்தபின் பொய் தெரிய வந்தால், அது அல்லாஹ் காட்டிய கருணை என்று எண்ணுங்கள். நிச்சயதார்த்தம் வாக்குறுதிதானே தவிர நிகாஹ் அன்று. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டோம், பத்திரிகை அடித்துவிட்டோம் என்று மகளைப் பொய்யின் கையில் ஒப்படைக்காதீர்கள். நின்றுபோன நிச்சயதார்த்தத்தால் பெண்ணுக்கு எந்தக் களங்கமும் இல்லை. அவளைக் குறைபேசும் நாவு, மறுமையில் பதில் சொல்லவேண்டிய நாவு.

நிகாஹ்வுக்குப்பின் தெரிய வந்தால், முதலில் செய்தியை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள் (49:6). பிறகு, எந்த வகைப் பொய் என்று பாருங்கள்.

வேலை ஹலாலானது, ஆனால் சொன்னதைவிடச் சிறியது, வெட்கத்தால் மறைத்துவிட்டார், குணமும் தொழுகையும் நன்று, உழைத்துக் காப்பாற்றுகிறார். இங்கே மனைவியின் வேதனை நியாயமானது. அதைச் சின்ன விஷயம் என்று யாரும் தள்ளிவிடக்கூடாது. ஆயினும் அவர் வருந்தித் திருந்தினால், மன்னித்து வாழ்வதற்கு வழி திறந்தே இருக்கிறது. பொய்யைச் சொன்னது அவரா, அவருக்குத் தெரியாமல் அவருடைய பெற்றோரும் தரகருமா என்பதையும் கேட்டறியவேண்டும்.

இரண்டாவது, பொய்யைக் காட்டிப் பணமும் நகையும் பெற்றது. இது மானப் பிரச்சினை மட்டுமன்று. அடுத்தவர் பொருளைத் தவறாக உண்பது. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் சமாதானம் பேசுவதில் பொருளில்லை.

மூன்றாவது, ஹராமான சம்பாத்தியத்தை மறைத்தது. மதுக்கடைகள் மலிந்த நம் நகரில் இதை வெளிப்படையாகவே பேசவேண்டும். ஓட்டல் வேலை என்று சொல்லிவிட்டு மது பரிமாறும் விடுதியில் பணிபுரிபவர் உண்டு. மதுவின் தொடர்பில் அதைப் பிழிபவர், சுமப்பவர், பரிமாறுபவர், விற்பவர் உட்படப் பத்துப் பேர் சபிக்கப்பட்டதாக அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் திர்மிதீயில் உள்ளது. அறியாமல் உண்ட மனைவி மக்கள் மீது குற்றமில்லை. அறிந்தபின், அவ்வேலையை விடச் சொல்வதும், குறைந்த வருமானத்தில் ஹலாலாக வாழத் துணை நிற்பதும் மனைவியின் கடமை. வேறு மனைவியர் இருப்பதை மறைத்தவர், அரசு அதிகாரி என்று ஆள்மாறாட்டம் செய்தவர் போன்றோரின் செயல் இவற்றினும் கொடியது. அரசு ஊழியராக நடித்து அப்பெயரில் செயல்படுவது, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 204ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அங்கே குடும்ப மானம் என்று மூடி மறைப்பது, அடுத்த பெண்ணையும் அதே குழியில் தள்ளுவதாகும்.

நிகாஹ் செல்லுமா என்ற கேள்வி எழும். பொய் சொன்னதால் மட்டும் நிகாஹ் தானாக முறிந்துவிடாது. பிறந்த குழந்தைகளின் உரிமையிலும் ஐயமில்லை. ஒப்பந்தத்திலேயே ஒரு தகுதியை நிபந்தனையாக்கி, அதைவிடத் தாழ்ந்த நிலை வெளிப்பட்டால் பெண்ணுக்குத் தெரிவுரிமை உண்டு என்றும், நிபந்தனையாக்காமல் தகுந்தவர் என எண்ணி மணந்து, பின்னர் தாழ்ந்த தொழிலுடையவர் எனத் தெரிந்தால் அவ்வுரிமை இல்லை என்றும் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் நூல் பிரித்துக் காட்டுகிறது. ஆகவே, முக்கியமாகக் கருதுவதை நிகாஹ்வின்போதே நிபந்தனையாக எழுதிக்கொள்வது அறிவுடைமை. பிரச்சினை எழுந்தால், இரு குடும்பத்திலிருந்தும் நடுவர்களை அமர்த்தும் வழியை அல்லாஹ் காட்டுகிறான் (4:35). அதுவும் பலனளிக்காதபோது குலா, ஃபஸ்கு ஆகிய வாயில்கள் உண்டு. இரண்டு ஆண்டுகள் மனைவியைப் பராமரிக்காமல் விட்டவரிடமிருந்து பிரிவு கோர, 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமும் இடமளிக்கிறது. ஒவ்வொருவரின் நிலையும் வேறு. தகுதி வாய்ந்த ஆலிம்களிடமும் காஜியிடமும் முழு விவரத்தையும் சொல்லித் தீர்ப்புப் பெறுங்கள்.

பொய் சொன்னவருக்கு ஒரு வார்த்தை

இவ்வுரையைக் கேட்போரில், மனைவிக்குத் தெரியாத ஒரு வேலைக்கு நாள்தோறும் போய் வருபவர் ஒருவர் இருக்கலாம். சகோதரரே! அவள் கண்டுபிடிப்பதற்குமுன் நீரே சொல்லிவிடும். தபூக் போருக்குச் செல்லாமல் பின்தங்கிய கஅப் பின் மாலிக் (ரலி) அவர்கள், சாக்குச் சொல்லும் நாவன்மை பெற்றிருந்தும், தமக்கு எந்தக் காரணமும் இல்லை என்று நபி (ஸல்) அவர்களிடம் ஒப்புக்கொண்டார்கள். ஐம்பது நாட்கள் ஊரே பேசாமல் ஒதுக்கியது, பூமி நெருக்கியது. முடிவில் அவர்களின் தவ்பா ஏற்கப்பட்டது வானிலிருந்து அறிவிக்கப்பட்டது (9:118). தம்மைக் காப்பாற்றியது உண்மையே என்று அவர்கள் சொன்னார்கள். சாக்குச் சொன்ன மற்றவர்களுக்கு அந்த ஐம்பது நாள் துன்பம் இல்லை. அந்த மன்னிப்பும் இல்லை.

உமக்கும் சில நாட்கள் கசப்பாக இருக்கும். மாமனார் முகம் திருப்பலாம், மனைவி அழலாம். பொறுத்துக்கொள்ளும். பாவத்தை விடுதல், வருந்துதல், இனிச் செய்யேன் என உறுதி பூணுதல், அடியாரின் உரிமையைத் திருப்பித் தருதல் ஆகிய நான்கும் சேர்ந்ததே தவ்பா. பொய்யைக் காட்டிப் பெற்ற பொருளைத் தவணையிலாவது திருப்பிக் கொடும். இருக்கிற ஹலாலான வேலையைத் தலைநிமிர்ந்து செய்யும். உம் குழந்தை பள்ளிக்கூடத்தில், என் அத்தா இன்ன வேலை செய்கிறார் என்று சொல்லும்போது, அச்சொல் உண்மையாக இருக்கட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் நாவுகளை உண்மையில் நிலைக்கச் செய்வாயாக! எங்கள் பிள்ளைகளுக்கு நேர்மையான துணைகளை வழங்குவாயாக! ஹலாலான உழைப்பை எங்கள் கண்களில் கண்ணியமாக்குவாயாக! ஏமாற்றப்பட்டு அழும் பெண்களின் உள்ளங்களுக்கு ஆறுதலையும் நல்வழியையும் தருவாயாக! தவறியோருக்குத் தூய தவ்பாவை அருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.